மருந்து போடாத தூண்டில் எங்கே?

(பண்ணை வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேசப் போவது கடலில் தூண்டில் போடுவதைப் பற்றி. "நெருப்பெரிச்சல்காரனுக்கும் கடலுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். நம் ஊரிலிருந்து கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் உப்புக்காற்று மேலே படுவதற்கு அரை நாள் பயணம் வேண்டும். நமக்குத் தெரிந்த தண்ணீர் கிணற்றுத் தண்ணீரும், மழைக்கு நல்லாற்றில் ஓடுகிற தண்ணீரும்தான். சின்ன வயசில் குளத்துக் கரையில் உட்கார்ந்து மண்புழுவைக் கோத்துத் தூண்டில் போட்டதோடு நம் மீன்பிடி ஞானம் முடிந்து போயிற்று. நல்லாறு போய்ச் சேரும் நஞ்சராயன் குளம் 2022-ல் பறவைகள் சரணாலயம் ஆகிவிட்டது. அங்கே இப்போது மீன் பிடிக்கிற உரிமை கொக்குக்கும் நாரைக்கும்தான்!

ஆனாலும் இந்தக் கடல் கதை கடைசியில் நம் சோளக்காட்டுக்குத்தான் வந்து சேரப் போகிறது. நெருப்பெரிச்சல் 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. இருந்தாலும் ஏர் ஓட்டுகிற கை இன்னும் ஏர் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் கைக்கு உபயோகப்படும் சங்கதி இதில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எண்ணூறு ரூபாய்க் குப்பி

என் தங்கை மகன் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவனுக்குத் தூண்டில் பைத்தியம். போன தை மாசம் தூத்துக்குடிக்குப் போகிறேன் என்று கிளம்பினான், என்னையும் கூடவே இழுத்துக்கொண்டு போனான். அங்கே தெரிந்த அண்ணாச்சி ஒருவரின் வள்ளத்தில் விடியற்காலையில் ஏறினோம். கடலுக்கடியில் பாறை இருக்கிற இடத்தை அவர்கள் 'பார்' என்கிறார்கள். அங்கே நங்கூரம் போட்டுக் கைத்தூண்டில் இறக்குவதாகத் திட்டம்.

வள்ளம் நின்றதும் மாப்பிள்ளை பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தான். செல்போனில் ஆர்டர் போட்டு வாங்கினதாம். எண்ணூறு ரூபாய். "மாமா, இது வாசனை மருந்துங்க. இரையில நாலு சொட்டு விட்டாப் போதும், மீன் தேடிக்கிட்டு வரும்ங்க" என்றான். கணவாய்த் துண்டு, சாளைத் துண்டு, எல்லாவற்றிலும் சொட்டுச் சொட்டாக விட்டான். தூண்டில் ஒன்று பாக்கியில்லை.

உச்சி வேளைக்குள் ஏழு விளமீன் ஏறியது. மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா மாமா, மருந்தோட மகிமையை!" என்றான். அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர், பிறகு மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாஞ் சரி தம்பி. மருந்து போடாத தூண்டில் எங்கே?"

மாப்பிள்ளை விழித்தான். அவர் சொன்னார்: "இந்தப் பார்ல மருந்தே இல்லாம நான் பத்து மீன் எடுத்த நாளும் உண்டு, வெறுங்கையோட போன நாளும் உண்டு. இன்னைக்கு வந்த ஏழும் மருந்துக்கு வந்ததா, கணவாய்க்கு வந்ததா? எதை வச்சுச் சொல்லுதீய?"

விவசாயப் பெருமக்களே, அந்தக் கேள்வி மாப்பிள்ளைக்குக் கேட்டது என்றாலும் சுருக்கென்று தைத்தது எனக்குத்தான். அதற்கு முந்தின வருஷம், ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு, நாலாயிர ரூபாய்க்கு ஒரு டானிக் வாங்கி மக்காச்சோளம் இரண்டு ஏக்கருக்கும் மூலை முடுக்கு விடாமல் தெளித்திருந்தேன். வெள்ளாமை நன்றாக வந்தது. அந்த வருஷம் மழையும் நன்றாகப் பெய்தது. டானிக்கால் வந்ததா, மழையால் வந்ததா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாமலே மறு வருஷமும் நாலாயிரம் கொடுத்தேன்.

தண்ணீருக்குள் வாசனையா?

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வோம். தண்ணீருக்குள் இருக்கிற மீனுக்கு வாசனை தெரியுமா? தெரியும். மீனின் மூக்கு மூச்சு விடுவதற்கு இல்லை, மோப்பம் பிடிப்பதற்கு மட்டும்தான். பெரும்பாலான மீன்களுக்கு மூக்கில் ஒரு பக்கம் தண்ணீர் நுழைந்து மறு பக்கம் வெளியே போகிற மாதிரி அமைப்பு. நம் மூக்குக்குக் காற்றில் கலந்து வருவதுதான் வாசனை. மீனுக்கோ தண்ணீரில் கரைந்து வந்தால்தான் வாசனை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நமக்குக் கமகமவென்று மணக்கிற எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதந்து போகும். நமக்கு வாசனையே தெரியாத சில பொருள்கள், அதாவது இறைச்சியிலும் இறாலிலும் உள்ள அமினோ அமிலங்கள் போன்றவை, தண்ணீரில் சுலபமாகக் கரைந்து மீனை இழுக்கும். நம் மூக்குக்குப் பிடித்ததை வைத்து மீனுக்கு மருந்து தயாரிக்க முடியாது.

இன்னொரு விஷயம், நீரோட்டம். வாய்க்கால் தலைப்பில் சாணிக் கரைசலை ஊற்றினால் அது கீழ்ப் பாத்திக்குத்தான் போகும், மேட்டுப் பாத்திக்கு ஏறாது. கடலிலும் அப்படித்தான். இரையின் வாசனை நீரோட்டத்தோடு ஒரு வால் மாதிரி நீண்டு போகிறது. கீழே நிற்கிற மீன் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு எதிர்நீச்சல் போட்டு இரைக்கு வருகிறது. கெளுத்தி மாதிரி மீன்களுக்கு மீசையிலேயே நாக்கின் ருசி இருக்கிறது. இருட்டிலும் சேற்றிலும் அது இரையைத் தேடி எடுப்பது அதனால்தான்.

ராஜாவும் கலெக்டரும்

இரை பற்றிய அறிவு நம் நாட்டில் பழசு. நெய்தல் நிலத்துச் சங்கப் பாட்டுகளில் தூண்டிலும் சுறாவும் வருகின்றன. வள்ளுவர்கூட, சூதாட்டத்தில் கிடைக்கிற வெற்றியை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிட்டிருக்கிறார்.

12-ஆம் நூற்றாண்டில் கல்யாணி நகரத்திலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 'மானசோல்லாசம்' என்று ஒரு பெரிய நூல் எழுதினான். ராஜாக்களின் பொழுதுபோக்குகளைச் சொல்லும் இடத்தில் தூண்டில் மீன்பிடிக்கு என்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறான். எந்த மீனுக்கு என்ன தீனி, கயிறு எப்படி, கோல் எப்படி என்றெல்லாம் அதில் வருகிறது. மீன் விஞ்ஞானி சுந்தர்லால் ஹோரா 1951-ல் அதை எடுத்து விளக்கி எழுதினார்.

வங்காளத்துக் குளக்கரைகளில் தூண்டில்காரர்கள் இரைக்கு மசாலா சேர்ப்பது இன்றும் ஒரு கலை. கடுகுப் புண்ணாக்கு, வெந்தயம், ஏகாங்கி என்கிற வாசனைக் கிழங்கு என்று ஆளுக்கொரு பக்குவம். ஏகாங்கியை நம் நாட்டு மருந்துக் கடையில் கச்சோலம் என்பார்கள். அப்பன் மகனுக்குச் சொல்லிக் கொடுப்பானே தவிர, அடுத்த வீட்டுக்காரனுக்குச் சொல்ல மாட்டான்.

வெள்ளைக்காரர் காலத்தில், சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் 1873-ல் இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி ஒரு புத்தகமும், 1887-ல் குளத்து மீன்பிடி பற்றி மட்டும் இன்னொரு புத்தகமும் எழுதினார். அதே 1887-ல்தான் நம் கோயமுத்தூர் ஜில்லாவைப் பற்றிய பெரிய கையேடு வெளிவந்தது. நம் கிணறு, கவலை, காளை, வெள்ளாமை எல்லாம் எழுதி வைத்த புத்தகம். அதைத் தொகுத்தவர் பிரெடரிக் நிக்கல்சன். அதே நிக்கல்சன்தான் பிற்பாடு கடற்கரைப் பக்கம் திரும்பி, 1907-ல் தொடங்கிய சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு அடித்தளம் போட்டார். கொங்கு நாட்டுக் காட்டைப் பார்த்துப் பழகின கண்தான் நம் கடலையும் பார்த்திருக்கிறது. அவருக்குப் பின்னால் அந்தத் துறையில் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், நம் கடற்கரைக்காரர்களின் கட்டுமரம், வலை, தூண்டில் எல்லாவற்றையும் ஊர் ஊராகப் போய்ப் பார்த்து எழுதி வைத்தார்.

அந்தக் காலத்துத் தூண்டில் கயிறும் வலையும் பெரும்பாலும் பருத்தி நூலும் சணலும்தான். உப்புத் தண்ணீரில் மக்காமலிருக்கப் புளியங்கொட்டைத் தோலை ஊற வைத்த சாற்றில் நனைத்துக் காய வைப்பார்கள். 1950-களுக்குப் பிறகுதான் நைலான் வந்து பருத்தியைக் கடலிலிருந்து வெளியேற்றியது.

மண்டபம், கீழக்கரைப் பக்கம் மீன் கூடு வைக்கிறவர்கள் நண்டை முழுசாக வைக்காமல் நசுக்கி வைப்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்துக்காரர்கள் ஆழ்கடலில் சுறாவுக்குத் தூண்டில் போடுவதில் பேர் போனவர்கள். கயிற்றில் நூற்றுக்கணக்கான கொக்கிகளைத் தொங்க விடுகிற தூண்டிலுக்கு ஆயிரங்கால் தூண்டில் என்று பேர். நசுக்கினால் சாறு இறங்கும், சாறு இறங்கினால் மீன் வரும் என்பது அவர்கள் அனுபவத்தில் கண்ட பாடம். எந்தக் குப்பியும் வருவதற்கு முன்னாலேயே வாசனை இரை இருந்திருக்கிறது பாருங்கள்.

சில கடற்கரைகளில் டால்பின் இறைச்சியைச் சுறாவுக்கு இரையாக வைத்ததும் உண்டு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி டால்பினைக் கொல்வது குற்றம். பலன் இருக்கிறது என்பதற்காக எதையும் செய்துவிடலாம் என்று இல்லை. இதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பஞ்சு சொன்ன சாட்சி

அனுபவம் ஒரு பக்கம். அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் கதை இன்னொரு பக்கம். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்க்கர், 1910-ல் கெளுத்தி மீன்களை வைத்து ஒரு காரியம் செய்தார். மெல்லிய துணியில் இரண்டு முடிச்சு. ஒன்றில் நறுக்கிய மண்புழு, இன்னொன்று வெறும் துணி. இரண்டையும் தொட்டியில் தொங்க விட்டார். மீன் மண்புழு முடிச்சைச் சுற்றிச் சுற்றி வந்து கவ்விப் பார்த்தது. வெறும் துணியைச் சட்டை பண்ணவில்லை. மூக்கு நரம்பைத் துண்டித்த மீனோ இரண்டையும் ஒரே மாதிரி தாண்டிப் போயிற்று.

இதில் எந்த முடிச்சு முக்கியம் என்று நினைக்கிறீர்கள்? மண்புழு முடிச்சு என்றுதான் தோன்றும். ஆனால் வெறும் துணி முடிச்சுதான் முக்கியம். அது இல்லாவிட்டால், மீன் துணியைப் பார்த்து வந்ததா வாசனைக்கு வந்ததா என்று சொல்ல முடியாது. நம் அண்ணாச்சி கேட்ட 'மருந்து போடாத தூண்டில்' அதுதான்.

அதற்கடுத்த வருஷம் ஷெல்டன் என்பவர் சிறு சுறா வகை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் மூக்கில் பஞ்சை அடைத்துப் பார்த்தார். ஆமாம், நம் ஊரில் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற அதே பஞ்சுதான். இரண்டு மூக்கையும் அடைத்த சுறாவுக்கு, துணியில் பொதிந்த நண்டு பக்கத்தில் இருந்தும் தெரியவில்லை. பஞ்சை எடுத்ததும் தேடி வந்தது. 1914-ல் பார்க்கர் ஒரு மூக்கை மட்டும் அடைத்துப் பார்த்தார். சுறா திறந்த மூக்குப் பக்கமாகவே வளைந்து வளைந்து சுற்றியது. செக்கு மாடு மாதிரி! இரண்டு மூக்கிலும் வருகிற வாசனையைச் சீர்தூக்கித்தான் அது திசை பார்க்கிறது என்பதற்கு இது சாட்சி.

விரட்டுகிற வாசனை

வாசனை என்றால் இழுப்பது மட்டும் இல்லை, விரட்டுவதும் உண்டு. கார்ல் வான் பிரிஷ், தேனீக்களின் நடனத்தைக் கண்டு சொன்ன அதே விஞ்ஞானி, சின்ன ஆற்று மீன்களை வைத்துச் சோதித்து 1938-ல் ஒன்றை விளக்கினார். ஒரு மீனின் தோல் கிழிந்தால் அதிலிருந்து கரையும் ஒரு பொருள் மற்ற மீன்களை மிரண்டு ஓட வைக்கிறது. காயம் பட்ட இரை ஒரு மீனுக்கு விருந்து, அதன் சொந்தக் கூட்டத்துக்கு அபாயச் சங்கு.

1954-ல் கனடாவில் பிரெட், மெக்கின்னன் என்ற இருவர், ஆற்றில் ஏறி வருகிற சால்மன் மீன்களுக்கு முன்னால் மனுஷன் கை கழுவின தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள். மீன்கள் ஏறுவதை நிறுத்திவிட்டுப் பின்வாங்கின. நம் தோலில் இருக்கிற செரின் என்கிற அமினோ அமிலம்தான் காரணம் என்று 1956-ல் தெரிந்தது. கரடியின் தோலிலும் அதுவே உண்டு. ஆக, எண்ணூறு ரூபாய் மருந்து போடுகிற கையே மீனை விரட்டவும் கூடும்!

இரண்டாம் உலகப் போரில் கடலில் விழுகிற வீரர்களைச் சுறாவிடமிருந்து காப்பாற்ற அமெரிக்காவில் ஒரு மருந்து தயாரித்தார்கள். அழுகின சுறா இறைச்சி இருக்கிற இடத்துக்குச் சுறா வராது என்று மீனவர்கள் சொல்வதிலிருந்து அந்த யோசனை பிறந்தது. செப்பு உப்பு ஒன்றையும் கறுப்புச் சாயத்தையும் கலந்து கட்டியாக்கி, வீரர்களின் மிதவைச் சட்டையில் கட்டி அனுப்பினார்கள். போர் முடிந்து பல வருஷங்கள் வரைக்கும் அது புழக்கத்தில் இருந்தது. பிற்பாடு நிதானமாகச் சோதித்தபோது, பசியெடுத்துப் பாய்கிற சுறாவை அது தடுக்கும் என்று நம்ப முடியவில்லை. வீரர்களுக்கு மனத்தைரியம் கொடுத்தது என்னவோ உண்மை. அதைக் கட்டிக்கொண்டு உயிரோடு திரும்பியவன், மருந்து காப்பாற்றியது என்று சொல்வான். திரும்பாதவன் வந்து சொல்ல மாட்டான். கடைக்காரர் பேச்சிலும் இப்படித்தான், பலன் கண்டவர் பேச்சு மட்டுமே நம் காதுக்கு வரும்.

தொட்டி வேறு, கடல் வேறு

1950-களில் ஹவாய்த் தீவில் டெஸ்டர் என்ற விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் சூரை மீனுக்கு வாசனை இரை தேடினார்கள். அடைத்து வைத்த சூரைகள், சூரை இறைச்சியின் சாற்றைத் தண்ணீரில் விட்டதும் இரை தேடிப் பரபரத்தன. சந்தோஷமாகக் கடலுக்குக் கொண்டு போனார்கள். அங்கே அதே பலன் கிடைக்கவில்லை. பரந்த கடலில் சாறு கரைந்து போகிறது. அதோடு சூரை ரொம்பவும் கண்ணை நம்பி வேட்டையாடுகிற மீன்.

இதை நம் மினிக்காய்த் தீவுக்காரர்கள் எப்போதோ தெரிந்து வைத்திருந்தார்கள். உயிருள்ள சின்ன மீன்களைக் கடலில் வீசித் தண்ணீரை வாரி இறைப்பார்கள். குஞ்சு மீன் கூட்டம் துள்ளுகிறது என்று சூரைகள் வெறி பிடித்து மேலே வரும். அப்புறம் இரையே இல்லாத கொக்கியைக்கூடக் கவ்வும். அங்கே போய் வாசனைக் குப்பியைத் திறந்தால் பிரயோஜனம் என்ன? எந்த மீன், எந்தத் தண்ணீர், எந்த நேரம் என்று பார்க்காமல் மருந்து சொல்வது, மண்ணைப் பார்க்காமல் உரம் சொல்வது மாதிரி.

நார்வே நாட்டில் லோக்கெபோர்க் என்ற ஆராய்ச்சியாளர் 1990 வாக்கில் ஆயிரங்கால் தூண்டிலின் இரையைப் பற்றி ஆராய்ந்தார். தண்ணீரில் போட்ட இரையிலிருந்து மீனை இழுக்கும் சத்து முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே பெரும்பங்கு கரைந்து போய்விடுகிறது என்று கண்டார். பிறகு கொக்கியில் இருப்பது சக்கைதான். அங்கே இரைக்குப் போடுவது மனுஷன் சாப்பிடக் கூடிய நல்ல மீன். அந்தச் செலவைக் குறைக்க, கழிவாகப் போகிற மீனை அரைத்து நைலான் பையில் பொதிந்து கொக்கியில் மாட்டிப் பார்த்தார். ஹாடக் என்ற மீன் அதில் நன்றாகச் சிக்கியது. எல்லா மீனும் அப்படிச் சிக்கவில்லை. 'இந்த மீனுக்கு ஆகும், அந்த மீனுக்கு ஆகாது' என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. காரணம், பழைய இரையையும் புது இரையையும் பக்கம் பக்கமாக வைத்து எண்ணிப் பார்த்ததுதான்.

நம் காட்டு வாசனைப் பொறி

இப்போது கரைக்கு ஏறுவோம். நாமும் வாசனை இரை வைக்கிறவர்கள்தான். மாவிலும் கொய்யாவிலும் பழ ஈக்கு மீத்தைல் யூஜினால் பொறி கட்டுகிறோம் இல்லீங்களா? அதைக் கண்டது நம் இந்தியாவில்தான். பீகாரில் உள்ள பூசாவில் பூச்சி விஞ்ஞானியாக இருந்த ஹவ்லெட், கொசுவுக்காகப் பூசுகிற சிட்ரோனெல்லா எண்ணெயில் பழ ஈ வந்து மொய்ப்பதைப் பற்றி 1912-ல் எழுதினார். அந்த எண்ணெயில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, 1915-ல் மீத்தைல் யூஜினாலுக்கு வந்து சேர்ந்தார். ஆண் ஈ மட்டும்தான் அதற்கு வரும் என்பதும் அப்போதே தெரிந்தது.

நம் சோளத்துக்குக் குருத்து ஈ பெரிய சத்துரு. முளைத்து முதல் நாலு வாரத்துக்குள் நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்துவிடும். அதற்குக் கருவாட்டுத் தூள் பொறி வைக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஹெக்டேருக்கு 12, அதாவது ஏக்கருக்கு ஐந்து பொறி, பயிருக்கு 30 நாள் ஆகிற வரைக்கும். கடல் மீனின் வாசனை நம் மேட்டுக்காட்டுக்கு வந்து ஈயைப் பிடிக்கிறது. கடலுக்கும் நமக்கும் சம்பந்தம் இல்லை என்று யார் சொன்னது?

வள்ளத்தில் நடந்த பாக்கிக் கதை

அண்ணாச்சி கேள்வி கேட்டதோடு விடவில்லை. "சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. வள்ளத்துக்கு இந்தப் பக்கம் மருந்து போட்ட தூண்டில், அந்தப் பக்கம் போடாதது. ரெண்டுக்கும் ஒரே கணவாய், ஒரே அளவுத் துண்டு, ஒரே ஆழம்" என்றார். ஒரு மணி நேரம் கழித்துப் பக்கத்தை மாற்றச் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "நீரோட்டம் ஒரு பக்கத்துக்குச் சாதகமா இருக்கும்லா? மாத்தி வச்சாத்தான் நியாயம்" என்றார். அவர் கல்லூரிப் படி ஏறாதவர். ஆனால் பார்க்கரும் லோக்கெபோர்க்கும் எந்தப் பாதையில் போனார்களோ அந்தப் பாதையிலேயே நின்றார்.

சாயங்காலம் கணக்குப் பார்த்தோம். மருந்து போட்டதில் ஐந்து, போடாததில் நாலு. "ஒண்ணு அதிகம்தானுங்களே மாமா" என்றான் மாப்பிள்ளை. அண்ணாச்சி சிரித்துவிட்டு, "நாளைக்கு இது மாறிப் போகும் தம்பி. பத்து நாள் எண்ணிட்டு வந்து சொல்லு" என்றார்.

அது மட்டும் இல்லை. மருந்து கரைந்து ஓடி வள்ளத்தின் இரண்டு பக்கத்துக்கும் மீனைக் கூட்டி வந்திருந்தால்? போடாத தூண்டிலும் அதே மீனைத்தான் பிடித்திருக்கும். கருவாட்டுப் பொறியிலும் இந்தச் சிக்கல் உண்டு. வாசனை வரப்பு பார்த்து நிற்காது. அதனால் பொறி வைத்த காட்டையும் வைக்காத காட்டையும் தள்ளித் தள்ளி இருக்கிற மாதிரி பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

போடாத பாத்தி

கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை ஒன்று உண்டு. நூறு வருஷம் தாண்டிய சோதனை. அதில் உரம் போட்ட பாத்திகளோடு, ஒன்றுமே போடாத பாத்தியும் ஒன்று. பார்க்கிறவர்களுக்கு அது நோஞ்சானாக, கவனிப்பாரற்ற பாத்தியாகத் தெரியும். ஆனால் மற்றப் பாத்திகள் பேசுகிற பேச்சுக்கெல்லாம் சாட்சிக் கையெழுத்துப் போடுவது அந்த நோஞ்சான்தான்.

நீங்கள் புதுசாக எதை வாங்கினாலும், டானிக்கோ, உயிர் உரமோ, வாசனைப் பொறியோ, இதைச் செய்து பாருங்கள். முழுக்காட்டுக்கும் போட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று இடத்தில் சின்னச் சின்னத் துண்டாகப் போடாமல் விடுங்கள். வரப்போரம், மரத்து நிழல், மேடு பள்ளம் எல்லாம் ஒதுக்கிவிட்டு, நடுக்காட்டில் விடுங்கள். ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு, ஒரே தண்ணீர். நான்கு மூலையிலும் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். அறுவடையில் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாமல், இரண்டு பக்கத்திலும் ஒரே அளவு இடத்தை அளந்து, தனித்தனியாக எடை போடுங்கள். முடிந்தால், எது எந்தத் துண்டு என்று தெரியாத ஒருவரை எடை போடச் சொல்லுங்கள். காசு கொடுத்தவன் கண் எப்போதும் காசு பக்கம்தான் சாயும். கணக்கை நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு போகமாவது பாருங்கள்.

போன போகத்தில் நான் இதைச் செய்தேன். அதே டானிக், அதே மக்காச்சோளம். மூன்று இடத்தில் போடாமல் விட்டேன். எடை போட்டபோது ஒரு இடத்தில் போட்டது கூடுதல், ஒரு இடத்தில் போடாதது கூடுதல், மூன்றாவதில் சமம். டானிக் எல்லோருக்கும் எப்போதும் உதவாது என்று இதை வைத்து நான் சொல்ல மாட்டேன். இன்னொரு போகம் பார்த்துவிட்டுத்தான் பேசுவேன். ஆனால் அந்த நாலாயிரத்தை இந்த முறை கடைக்குக் கொண்டு போகவில்லை. சின்னக் குப்பி ஒன்று மட்டும் வாங்கி வந்திருக்கிறேன், சோதனைத் துண்டுகளுக்கு மட்டும்.

மாப்பிள்ளையும் திருந்தியிருக்கிறான். அடுத்த லீவுக்குத் தூத்துக்குடி போகிறபோது நோட்டும் பேனாவும் கொண்டு போகப் போகிறானாம். "குப்பியில பாதிதானுங்க மாமா செலவாச்சு, மீதிப் பாதிக்குக் கணக்கு எழுதிப் பாத்துடலாம்" என்கிறான்.

ஆகவே விவசாயப் பெருமக்களே, யார் எந்தக் குப்பியைக் கொண்டு வந்து நீட்டினாலும் சண்டை போட வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "போட்ட காட்டைக் காட்டினீங்க, சரிங்க. போடாத பாத்தி எங்கேங்க?"